ஆதரவு இல்லையா, அனுமதி இல்லையா? லினக்ஸில் அலுவலக மெயில்

கேள்வி: 2025 அக்டோபர் 18, மாலை 6.10

புதிய வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. என் மடிக்கணினியில் லினக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. அலுவலக மெயில் மைக்ரோசாஃப்ட் 365. தொழில்நுட்பப் பிரிவு அனுப்பிய வழிகாட்டியில் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் என்று நான்குக்கு மட்டும் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். எழுதிக் கேட்டேன். "உங்கள் இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. லினக்ஸில் அலுவலக மெயில் பார்க்கவே முடியாது என்றுதானே இதற்குப் பொருள்? பேசாமல் விண்டோஸ் போட்டுவிடலாமா?

2025 அக்டோபர் 18, இரவு 9.40

அந்தப் பொருள் இல்லை. விண்டோஸும் வேண்டாம், இப்போதைக்கு.

"ஆதரவு இல்லை" என்பது உதவி மையத்தின் மொழி. கெட்டுப்போனால் எங்களைக் கூப்பிடாதீர்கள், அதற்கு எங்களிடம் ஆள் இல்லை என்கிறார்கள். "அனுமதி இல்லை" என்பது பாதுகாப்புப் பிரிவின் மொழி. தொடாதே என்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆள் ஒரே தொனியில் சொல்வதால் நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறது. பதினோரு ஆண்டாக மூன்று அலுவலகங்களில் லினக்ஸை வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறேன். மூன்றிலும் முதல் வாரமே இந்த ஒற்றை வரி வந்தது. இரண்டில் அது முதல் வகை. ஒன்றில் இரண்டாவது வகை. அதையும் முதல் வகைதான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உலாவியைத் திறந்து அவுட்லுக்கின் வலைப்பக்கத்தில் நுழைந்து பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ, எதுவானாலும் சரி. இன்பாக்ஸ் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸுக்கு இப்போது தரப்படும் 'புதிய அவுட்லுக்' கூட அந்த வலைப்பக்கத்துக்குச் சட்டை மாட்டிவிட்டதுதான். ஆகவே உங்களுக்குப் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது.

தனிச் செயலிதான் வேண்டும் என்றால் தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் ஐமேப் முறை. மெயில் எடுக்க போர்ட் 993, அனுப்ப 587. முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் வேலை முடிந்தது.

அக்டோபர் 18, இரவு 10.25

மேலே உள்ள கடைசி வரியை அடித்துவிடுங்கள். பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன்.

வெறும் கடவுச்சொல்லைக் கொடுத்து மெயில் எடுக்கும் காலம் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் 365-க்குப் பின்னால் இருக்கும் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அந்த முறையை 2022 அக்டோபர் 1 முதல் மைக்ரோசாஃப்ட் வரிசையாக மூடியது. இப்போது ஓஆத்2 என்ற முறை. செயலி உங்கள் கடவுச்சொல்லைக் கேட்காது. உலாவிச் சன்னல் ஒன்றைத் திறந்து மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அங்கே நீங்கள் நுழைந்து, கைபேசியில் வரும் சரிபார்ப்பையும் முடித்தால் ஒரு டோக்கன் கிடைக்கும். அதைக் காட்டித்தான் செயலி மெயில் எடுக்கும். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புக்குள் போய் அங்கீகார முறையை ஓஆத்2 என்று மாற்றவேண்டும். மெயில் எடுக்க ஓரிடத்திலும் அனுப்ப இன்னோரிடத்திலும் அது இருக்கிறது. இரண்டாவதை மறந்துவிட்டு, மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த மாற்றம் என் தலையில் விழுந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் டெர்மினலில் மட் என்ற செயலியில் மெயில் படித்துக்கொண்டிருந்தேன். கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதிவைத்திருந்த யோக்கியன். ஒரு காலையில் உள்நுழைவு தோற்றது என்று வந்தது. கை தவறியிருக்கும் என்று ஏழு முறை தட்டிப் பார்த்தேன். எட்டாவது முறை கணக்கே பூட்டிக்கொண்டது. தொழில்நுட்பப் பிரிவுக்கு நடந்தே போனேன்.

"எந்தச் செயலியில் பார்க்கிறீர்கள்?"

"மட்."

"மட்டுமா? எது மட்டும்?"

அதற்குமேல் அந்த உரையாடல் எங்கும் போகவில்லை. கணக்கைத் திறந்துவிட்டார்கள். ஓஆத்2 டோக்கன் வாங்கித் தரும் சின்னப் பைத்தான் நிரல் ஒன்று மட்டுடனேயே வருகிறது என்பதை நானாகத் தேடிக் கண்டுபிடித்தேன்.

சொந்தக் கட்டடத்தில் எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருக்கும் அலுவலகம் என்றால் பழைய முறை இன்னும் வேலைசெய்யலாம். அது அந்த நிர்வாகியின் விருப்பம்.

அக்டோபர் 19, காலை

கேள்வி கேட்டவர் முயன்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உலாவியில் மெயில் திறக்கிறது. தண்டர்பேர்டில் கடவுச்சொல், கைபேசிச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்தபின் "நிர்வாகியின் ஒப்புதல் தேவை" என்ற பக்கம் வந்து நின்றுவிட்டதாம். "பார்த்தீர்களா, லினக்ஸைத் தடுத்துவிட்டார்கள்" என்கிறார்.

தடுக்கப்பட்டது லினக்ஸ் இல்லை, தண்டர்பேர்ட். மைக்ரோசாஃப்டிடம் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பதிவு எண் இருக்கிறது. எந்த எண்ணை உள்ளே விடுவது என்று அலுவலகம் முடிவுசெய்யலாம். பக்கத்து மேசையில் விண்டோஸ் வைத்திருப்பவர் தண்டர்பேர்ட் போட்டாலும் இதே பக்கம்தான் வரும். முடிந்தால் அவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இது தெரிந்தால் கேட்கும் கேள்வி மாறிவிடும். "லினக்ஸுக்கு ஆதரவு தாருங்கள்" என்று எழுதினால், பயிற்சி, ஆவணம், பொறுப்பு என்று நிர்வாகியின் கண்முன் ஒரு மலை எழும்பும். மறுப்பதுதான் அவருக்கு எளிது. "தண்டர்பேர்டுக்கு ஒப்புதல் தர இயலுமா? ஐமேப் என் கணக்கில் திறந்திருக்கிறதா?" என்று எழுதினால் அது அவருக்கு இரண்டு சொடுக்கு வேலை. இயங்குதளத்தின் பெயரையே எடுக்காதீர்கள். மறைக்கச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லுங்கள்.

அக்டோபர் 21

ஐமேப் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்தது என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். அப்படி நம்பித்தான் நான் கூட்டத்தைக் கோட்டைவிட்டேன்.

ஐமேப் என்பது மெயிலுக்கு மட்டுமான நெறிமுறை. நாட்காட்டி அதில் வராது. அலுவலக முகவரிப் பட்டியலும் வராது. கூட்ட அழைப்பு ஒரு மெயிலாக வரும், அதை ஏற்கிறேன் என்று தண்டர்பேர்டில் சொடுக்கினால் என் மடிக்கணினிக்குள் இருக்கும் நாட்காட்டியில் ஏறும். சர்வரில் இருக்கும் என் உண்மையான நாட்காட்டிக்கும் இதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நடந்தது இதுதான். செவ்வாய் பதினொன்றுக்குக் கூட்டம். ஏற்றுக்கொண்டேன், ஏறிவிட்டது. திங்கள் மாலை அதைப் பத்து மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றம் வந்த மெயிலை என் வடிகட்டி விதி ஒன்று "அறிவிப்புகள்" என்ற துணைக் கோப்புறைக்குள் தள்ளிவிட்டது. அந்த விதியை எழுதியவனும் நான்தான். பத்து ஐம்பத்தெட்டுக்குக் குறிப்பேடும் கையுமாக அறைக்குள் நுழைகிறேன், எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துகொண்டிருக்கிறார்கள். பலகையில் என் பெயருக்கு நேராக மூன்று வேலை எழுதியிருந்தது. இல்லாதவன் தலையில்தானே எப்போதும் வந்து விழும்.

அதன்பிறகுதான் டேவ்மெயிலுக்குப் போனேன். ஒருபக்கம் எக்ஸ்சேஞ்சிடம் அதன் மொழியில் பேசும், மறுபக்கம் உங்கள் கணினிக்குள்ளேயே ஐமேப் சர்வர்போல நடிக்கும் துபாஷி அது. மெயில் எடுக்க 1143, அனுப்ப 1025, நாட்காட்டிக்கு 1080, முகவரிப் பட்டியலுக்கு 1389. தண்டர்பேர்டில் சர்வர் பெயருக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்து இந்தப் போர்ட்களைப் போட்டால் போதும். கடவுச்சொல் பெட்டியில் எதை வேண்டுமானாலும் போடலாம், உண்மையான உள்நுழைவு உலாவியில்தான் நடக்கிறது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கைமுறை உள்நுழைவைத் தேர்ந்தால் அது ஒரு நீண்ட முகவரியைக் கொடுக்கும். உலாவியில் ஒட்டி, கடவுச்சொல், கைபேசி எண் எல்லாம் முடித்தால் கடைசியில் பக்கம் வெள்ளையாக நிற்கும். எழுத்து இல்லை, படம் இல்லை. போச்சு, உடைந்துவிட்டது என்று சன்னலை மூடிவிடுவார்கள். நானும் இரண்டு முறை மூடினேன். மூடக்கூடாது. அந்த வெள்ளைப் பக்கத்தின் முகவரிப் பட்டையில் வால் நீண்டு நிற்கும். டேவ்மெயிலுக்கு வேண்டிய குறியீடு அந்த வாலில்தான் இருக்கிறது. முழு முகவரியையும் நகலெடுத்து டேவ்மெயிலின் பெட்டியில் ஒட்டவேண்டும். அவ்வளவுதான்.

எவல்யூஷன் என்ற லினக்ஸ் மெயில் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் துபாஷி வேண்டாம். எக்ஸ்சேஞ்சோடு பிற செயலிகள் பேசும் வழியான இடபிள்யூஎஸ்-க்குரிய இணைப்புத் தொகுப்பைச் சேர்த்து நிறுவினால் மெயில், நாட்காட்டி, முகவரி மூன்றும் நேராக வரும். எனக்கு அதன் முகம் பிடிக்கவில்லை, அதனால் விட்டேன். இது நியாயமான காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

அக்டோபர் 21, சற்றுப் பின்னர்

வின்மெயில் டாட் (winmail.dat) என்ற கோப்பு இணைப்பாக வருகிறது, திறக்கவில்லை என்கிறீர்கள். அனுப்பியவரின் அவுட்லுக், மெயிலைத் தனக்கு மட்டும் புரியும் பொதியாகக் கட்டி அனுப்பியிருக்கிறது. டிஎன்இஎஃப் என்று பெயர். உள்ளே நீங்கள் எதிர்பார்த்த கோப்பு பத்திரமாக இருக்கும். அதே பெயரில் ஒரு சின்ன நிரல் பெரும்பாலான லினக்ஸ் தொகுப்பகங்களில் கிடைக்கும், அது பொதியைப் பிரித்துத் தரும். அடிக்கடி அனுப்புபவர் என்றால் அவருடைய அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்டை ஹெச்டிஎம்எல் என்று மாற்றச் சொல்லுங்கள். நான் சொன்னேன். "உன்னைத் தவிர யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே" என்றார். அதுவும் உண்மைதான்.

அக்டோபர் 24

வேறொருவர் குறுக்கே வருகிறார்: "என்னுடையது விண்டோஸ் 10. இதுவும் இப்போது ஆதரவு இல்லாததுதானே? என்னையும் உங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

சேர்த்துக்கொள்ளமாட்டேன். இந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்று இருப்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால் இனி ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைத்துத் தரமாட்டார்கள். லினக்ஸுக்கு அலுவலகத்தில்தான் ஆளில்லை, செய்பவர்கள் வாராவாரம் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுடையது செய்தவரே கைகழுவியது. மூன்றில் இதுதான் ஆபத்தானது, வேடிக்கை என்னவென்றால் பல அலுவலக வழிகாட்டிகளில் இதற்குத்தான் இன்னும் படம் போட்டு விளக்கம் இருக்கிறது.

கைகழுவப்பட்ட இயங்குதளத்தில் என்ன நடக்கும் என்பதை ஒரு பழைய மேக்கில் பார்த்தேன். 10.11 பதிப்பு. பகுதிநேரமாக வேலைசெய்த சிறிய இடத்தின் மெயிலை அதில்தான் படித்துவந்தேன். அவர்கள் சர்வர், தான் யார் என்று நிரூபிக்க, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழில் ஓடியது. 2021 செப்டம்பர் 30 அன்று அந்தச் சான்றிதழ்ச் சங்கிலியின் பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. புதிய வேரை என் மேக்குக்குத் தெரியாது. தெரியவைக்கப் புதுப்பிப்பும் வராது. அடுத்த நாள் முதல் "இந்தச் சர்வரை நம்பமுடியாது" என்று ஒரே எச்சரிக்கை.

"தொடர்க" என்ற பொத்தானை ஒருவாரம் அழுத்திக்கொண்டே இருந்தேன். எதிரே இருப்பது யார் என்று தெரியாமல் தினமும் கடவுச்சொல்லைக் கையில் கொடுத்துவிட்டு வருவதற்கு அது சமம். பிறகு அதே மேக்கில் தண்டர்பேர்டை நிறுவினேன், எச்சரிக்கை நின்றுவிட்டது. தண்டர்பேர்ட் இயங்குதளத்தின் வேர்ச் சான்றிதழ்களை நம்பியிராமல் தன்னுடைய பட்டியலைத் தானே கொண்டுவருகிறது, புதிய வேர் அதில் இருந்தது. அப்போது பிரச்சினை தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். இப்போது யோசித்தால், மெயில் திறந்ததே தவிர அடியில் இருந்த தளம் அதே ஓட்டையோடுதான் இருந்தது. இன்னும் ஒன்றரை ஆண்டு அதிலேயே ஓட்டியிருக்கவேண்டாம்.

அக்டோபர் 27

வலைவழி அவுட்லுக் "ஏழைகளின் அவுட்லுக்" என்று யாரோ எழுதியிருக்கிறார். கொஞ்சம் மரியாதை வையுங்கள் அய்யா.

எக்ஸ்சேஞ்ச் 2000-க்காக அந்த வலைப்பக்கத்தை எழுதிய குழுவுக்கு ஒரு தேவை வந்தது: ஒரு மெயிலைத் திறக்கப் பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றக்கூடாது, பின்னணியில் சர்வரோடு பேசவேண்டும். அதற்காக அவர்கள் செய்த கருவி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வெளிவந்தது. மொசில்லா அதைப் பார்த்துத் தன் உலாவியில் சேர்த்துக்கொண்டது. பின்னால் ஜிமெயில் போன்ற வலைச் செயலிகள் அதன் மேல்தான் எழுந்தன. இயங்குதளம் எதுவானாலும் உலாவி இருந்தால் போதும் என்ற நிலைக்கு விதை போட்டதே அலுவலக மெயில்தான்.

ஆனாலும் விதை போட்டவர்கள் நமக்குப் பழம் தரவில்லை. எக்ஸ்சேஞ்ச் 2007 வரை முழு வடிவம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான். ஃபயர்ஃபாக்ஸில் போனால் 'லைட்' என்று ஒரு மெலிந்த வடிவம் வரும். சொடுக்கும் ஒவ்வொரு முறையும் பக்கம் முழுதாகக் கண் சிமிட்டிவிட்டு வரும். நான் இரண்டு ஆண்டு அதில் குடித்தனம் நடத்தினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. மெதுவான இணைப்பிலும் டக்கென்று திறக்கும்.

லினக்ஸ்காரர்கள் அதற்கும் முன்னாலேயே இந்தச் சுவரில் ஏணி போட்டுவிட்டார்கள். ஸிமியன் நிறுவனம் எவல்யூஷனுக்காகக் கனெக்டர் என்ற பெயரில் விலைக்கு விற்ற இணைப்பு, அந்த வலை அவுட்லுக் நுழையும் வழியாகவே தானும் நுழைந்து எக்ஸ்சேஞ்ச் 2000-உடன் பேசியது. 2003-இல் ஸிமியனை நோவெல் வாங்கியது, 2004-இல் கனெக்டரைத் திறமூலமாக்கியது. எக்ஸ்சேஞ்ச் 2010 அந்த வழியை அடைத்தது. அதற்குள் 2007-இல் இடபிள்யூஎஸ் என்ற புது வழி வந்துவிட்டிருந்தது. எவல்யூஷனும் டேவ்மெயிலும் அங்கே மாறிக்கொண்டன. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதையும் 2026 அக்டோபரில் இருந்து மூடப்போவதாக 2023-இலேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. இனி கிராஃப் என்ற மைக்ரோசாஃப்டின் புதிய இணைப்பு வழிதான் வாசல். நான் 21-ஆம் தேதி கொடுத்த யோசனைகளின் ஆயுள் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 2

சொல்வதாக வாக்குக் கொடுத்த கதை.

இரண்டாவது அலுவலகம். உலாவியில் நுழைந்தால் "இப்போது இதை அணுக முடியாது" என்று வரும், அடியில் 53003 என்ற எண். கடவுச்சொல் சரி, கைபேசிச் சரிபார்ப்பு சரி, ஆனாலும் எந்தச் சூழலில் உள்ளே விடலாம் என்று அலுவலகம் வகுத்த நிபந்தனைக் கொள்கை ஒன்று தடுத்துவிட்டது என்பதே அந்த எண்ணின் பொருள். எந்த இயங்குதளத்தில் இருந்து வருகிறாய் என்பதை உலாவி தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் யூசர் ஏஜென்ட் வரியில் இருந்துதான் அந்தக் கொள்கை தெரிந்துகொள்கிறது. அந்த வரியை யாரும் மாற்றிவிடலாம், அதை மட்டும் நம்பாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே நிர்வாகிகளை எச்சரிக்கிறது.

நான் அந்த எச்சரிக்கையைத் தலைகீழாகப் படித்தேன். அந்த வரியை மாற்ற உலாவியில் ஒரு நீட்சி. லினக்ஸ் என்ற சொல் போய் விண்டோஸ் என்று வந்தது. இன்பாக்ஸ் திறந்தது. நான்கு நாள் என்னைவிட அறிவாளி அந்தக் கட்டடத்தில் கிடையாது.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது.

"உங்கள் கணக்கில் யாரோ ஒரு விண்டோஸ் கணினியில் இருந்து நுழைகிறார்கள். உங்களுக்கு நாங்கள் விண்டோஸ் கணினி எதுவும் தரவில்லையே?"

என்னிடம் பதில் இல்லை. அதாவது இருந்தது, வாயில் வரவில்லை. கணக்கு களவு போய்விட்டது என்றே அவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். கடவுச்சொல்லை மாற்றி, எல்லா அமர்வுகளையும் துண்டித்து, கடந்த ஒரு வாரம் என் கணக்கில் இருந்து போன மெயில்களை ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இரவு இரண்டு மணியில் இருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அங்கே எனக்குச் சொல்லப்பட்டது "அனுமதி இல்லை". நான் கேட்டது "ஆதரவு இல்லை".

நவம்பர் 3

எந்த நீட்சி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நேற்று எழுதியதைக் கடைசிவரை படிக்கவில்லை என்று தெரிகிறது.

நேர்வழி ஒன்று இருக்கிறது, நேற்றே எழுதியிருக்கவேண்டும். இப்படித் தடுக்கும் இடங்களில் பல நேரம் அவர்கள் கேட்பது, அலுவலகத்தின் கண்காணிப்பில் பதிவான கணினியாக இருக்கவேண்டும் என்பது. அலுவலகக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் சேவை 2022 அக்டோபரில் இருந்து உபுண்டு என்ற லினக்ஸ் வகையையும் பதிவுசெய்துகொள்கிறது. இன்ட்யூன் செயலியை நிறுவவேண்டும், எட்ஜ் உலாவியில்தான் நுழையவேண்டும், வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஏற்கெனவே ஓடும் கணினியில் வட்டு முழுவதையும் குறியாக்குவது சள்ளை பிடித்த வேலை, புதிதாக நிறுவும்போதே செய்துவிடுவது நல்லது. ஆர்ச், ஜென்டூ என்று வேறு லினக்ஸ் வகை வைத்திருப்பவர்கள் கோபிக்கவேண்டாம், உங்கள் பெயர் பட்டியலில் இல்லை.

இந்த வாசலையும் அலுவலகம் திறந்துவைத்திருந்தால்தான் உண்டு. சொந்தக் கணினியில் அலுவலகத்தின் கண் ஒன்றைக் குடிவைக்கவேண்டுமா என்பதும் யோசிக்கவேண்டியது. நான் வைக்கவில்லை. அந்த அலுவலகத்திலேயே ஒரு பழைய விண்டோஸ் மடிக்கணினியைக் கேட்டு வாங்கி, மெயிலுக்கு மட்டும் என்று மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டேன். தோல்விதான். வேலை நடந்தது.

நவம்பர் 20

அக்டோபர் 21-ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம், இந்த முறை நல்ல செய்தி. தண்டர்பேர்ட் 145 இந்த மாதம் வந்திருக்கிறது, எக்ஸ்சேஞ்சோடு துபாஷி இல்லாமல் நேராகப் பேசுகிறது. கணக்கு சேர்க்கும்போது ஐமேப்புக்குப் பக்கத்தில் எக்ஸ்சேஞ்ச் என்றும் ஒரு தேர்வு காட்டும். ஐமேப் மூடப்பட்ட அலுவலகங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் மெயில் மட்டும்தான். நாட்காட்டியும் முகவரியும் இன்னும் வரவில்லை. ஆகவே என் டேவ்மெயில் இருக்கிறது. இன்னொரு கூட்டத்தைக் கோட்டைவிட மனமில்லை.

இதுவும் இடபிள்யூஎஸ் வழியாகத்தான் போகிறது. மூடப்போகிற வாசலுக்குப் புதுச் சாவி என்று கேலி செய்யாதீர்கள். கிராஃப் வேலையும் வரிசையில் இருக்கிறது என்கிறார்கள். சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாசல் மூடவும் இல்லை.

டிசம்பர் 6

"கணினியில் எதற்கு இத்தனை பாடு, கைபேசியில் பார்த்துவிட்டுப் போகலாமே" என்கிறார் ஒருவர். போகலாம். ஆனால் கணக்கைச் சேர்க்கும்போது வரும் அனுமதித் திரையைப் படித்தீர்களா? ஆண்ட்ராய்டில், கைபேசியை எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் பழைய ஆக்டிவ்சிங்க் முறையில் சேர்த்தால் "எல்லாத் தரவையும் அழிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். விளையாட்டுக்கு எழுதியது இல்லை. என்னோடு வேலைசெய்தவர் ஒருவர் ராஜினாமா செய்த மாலையில் யாரோ தவறான பொத்தானை அழுத்த, அவருடைய சொந்தக் கைபேசி ஆலையில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பியது. குழந்தையின் படங்களுக்கு வேறு பிரதி இல்லை. இப்போதைய செயலிவழி நிர்வாகத்தில் அலுவலகத் தரவை மட்டும் துடைக்க முடியும். எது உங்களுடையது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

டிசம்பர் 19

முதல் கேள்வி கேட்டவர் இரண்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். நான் சொன்னபடியே ஒப்புதலை மட்டும் கேட்டு எழுதினாராம். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள், ஐமேப்பைத் திறக்கமாட்டோம், தண்டர்பேர்டில் எக்ஸ்சேஞ்ச் வழியாக வருவதற்கு ஒப்புதல் தந்திருக்கிறோம் என்று வந்ததாம். என் யோசனையில் பாதி தேறவில்லை என்று பொருள். நாட்காட்டிக்கு உலாவியில் ஒரு தாவலைப் பூட்டிவைத்திருக்கிறாராம்.

அந்த வழிகாட்டியிலும் ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. படம் இல்லை. "லினக்ஸ்: உலாவி, தண்டர்பேர்ட் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. ஆதரவு இல்லை." இதை அனுப்பிவிட்டு அவர் மூன்று சிரிப்புக் குறி போட்டிருந்தார். நான் நான்கு போட்டேன்.

2026 ஜனவரி 4

டேவ்மெயில் பற்றி நான் எழுதியதில் ஒரு பிழை. ஒருவர் மாட்டிக்கொண்டபிறகுதான் கவனித்தேன். கடவுச்சொல் பெட்டியில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்றேன். முதல் முறை போடலாம். டோக்கனைச் சேமித்துவைக்கும்படி அமைத்திருந்தால், அந்தப் பெட்டியில் நீங்கள் போட்டதைச் சாவியாக வைத்துத்தான் டேவ்மெயில் அதைப் பூட்டிவைக்கிறது. ஐமேப் பெட்டியில் ஒன்று, அனுப்பும் பெட்டியில் வேறொன்று என்று போட்டால் பூட்டு திறக்காது, மறுபடி உள்நுழையச் சொல்லித் தொந்தரவு செய்யும். நாட்காட்டிக்கும் சேர்த்து எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போடுங்கள். "1234" என்று போட்டிருப்பவர்கள் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். நான் மாற்றிவிட்டேன்.